நாய்க்கென்று தனி உலை கிடையாது

எங்கள் வீட்டு நாய்க்கு அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அம்மா அதை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. அம்மாவுக்கு அது வெறும் மூதி. எங்கள் ஊரில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் மூதி என்பது வசவு, சிரித்துக்கொண்டு சொன்னால் கொஞ்சல். அம்மா இரண்டுமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லுவாள். நாயும் அப்பா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் காதை மட்டும் அசைக்கும். ‘ஏ மூதி, இந்தா’ என்றால்தான் எழுந்து ஓடிவரும்.

அப்பா பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓர் ஐப்பசி மழையில் காய்கறி வாங்கப் போனவர், திரும்பி வந்தபோது துணிப்பையில் கத்தரிக்காய்க்கு மேலே ஒரு பழுப்பு நிறக் குட்டி நாய் உட்கார்ந்திருந்தது. யாரோ மார்க்கெட் வாசலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“நாய் உள்ள வந்துதுன்னா நான் ஏரலுக்கு பஸ் ஏறிருவேன், பாத்துக்கிடுங்க.”

ஏரல் அம்மாவின் பிறந்த ஊர். கோபம் வரும்போதெல்லாம் அவள் ஏரலுக்கு பஸ் ஏறுவாள், வாயால்தான். அன்றும் ஏறவில்லை. ஆனால் சட்டம் ஒன்று போட்டாள்.

“இந்த வீட்டுல நாய்க்குன்னு தனியா உலை வைக்க மாட்டேன். நம்ம தின்னு மிஞ்சுனதத் திங்கட்டும். இல்லன்னா கெடக்கட்டும்.”

நானும் அப்பாவும் சரி என்று தலையாட்டினோம். அம்மா சட்டம் போட்டால் தலையாட்டுவது எங்கள் வழக்கம். நான் அவர்களுக்கு ஒரே மகள், கல்யாணம் ஆகவில்லை. அலுவலகத்திலிருந்து வந்தால் அந்த வீடுதான் எனக்கு எல்லாம். அலுவலகத்தில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. வீட்டில் என் வாய்க்கும் மேலே ஒரு வாய் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் ஆராதனை முடிந்து வந்தால் எங்கள் வீட்டில் கோழிக் குழம்பு. சின்ன வெங்காயத்தை வதக்கி, தேங்காயை வறுத்து, இரண்டையும் சேர்த்து அரைத்து ஊற்றுகிற குழம்பு. சாப்பிட்டு முடித்ததும் அம்மா எங்கள் தட்டுகளிலிருந்த எலும்பையெல்லாம் பழைய பேப்பரில் வழித்துக்கொண்டு பின்பக்கம் போவாள். கதவைப் பட்டென்று சாத்துவாள். “ஏ மூதி, இந்தா, வந்து கொட்டிக்கோ” என்ற குரல் கேட்கும். அப்புறம் நாய் சாப்பிடுகிற சத்தம். அப்பா அதற்குள் கட்டிலில் சாய்ந்திருப்பார். நான் பத்திரிகையை விரித்திருப்பேன். எங்களில் ஒருவர்கூட எழுந்து போய் அது என்ன தின்கிறது என்று பார்த்ததில்லை. பார்க்க வேண்டியது என்ன இருக்கிறது? நாய், எலும்பு. அவ்வளவுதானே.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா பெருமையடிப்பார். “நம்ம நாய்க்கு எலும்புன்னா கல்கண்டு. கடகடன்னு கடிச்சு முழுங்கிரும். நாட்டு நாய்லா?”

அம்மா அடுக்களையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பாள்.

அந்த அம்மா ஓர் ஆடி மாதக் காலையில் எங்கள் இருவருக்கும் காபி கொடுத்துவிட்டு, தன் டம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

அப்பா கல்லறைத் தோட்டத்தில் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டார். எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை எண்ணி அடுக்கினார். அதற்குப் பிறகும் அழவில்லை. சாப்பாடுதான் நின்றது. மேசையில் தட்டை வைத்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. எனக்கு எதிரே அம்மாவின் நாற்காலி காலியாகக் கிடக்க, அவர் அதைப் பார்க்காமல் இருக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். கடைசியில் வழி கண்டுபிடித்தது நாய்தான். ஒருநாள் அவர் தட்டோடு எழுந்து பின்வாசல் படிக்குப் போனார். நாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அதற்கு ஒரு பிடி தயிர்ச்சோறு வைத்தார், தான் ஒரு பிடி சாப்பிட்டார். அதற்கு ஒன்று, தனக்கு ஒன்று. தட்டு காலியாகிவிட்டது.

அன்றிலிருந்து அதுவே முறையாகிப் போனது. நாய் சாப்பிட்டால் அப்பா சாப்பிடுவார். நாய் எங்கேயாவது தெருவில் சுற்றப் போயிருந்தால் அது வரும்வரை தட்டு மூடியே இருக்கும். நான் எரிச்சல்படுகிற மாதிரி காட்டிக்கொள்வேன். உள்ளுக்குள் அந்த நாயின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் என்றிருக்கும். கோழி மட்டும் நாங்கள் வாங்கவே இல்லை. அம்மாவின் குழம்பை அம்மா இல்லாமல் வைக்க எனக்குக் கை வரவில்லை.

கிறிஸ்மஸ் வந்தது. துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை அடுப்பு எரியக் கூடாது என்று வேதத்தில் எங்கும் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் இருக்கிறது. நட்சத்திரம் கட்டக் கூடாது. முறுக்கு சுடக் கூடாது. அப்படியென்றால் அந்த வீட்டுக்காரர்கள் என்ன சாப்பிடுவார்கள்? மற்ற வீடுகள் கொண்டுவந்து கொடுக்கும். ஒரு வீடு கொடுத்து இன்னொரு வீடு கொடுக்காமல் இருந்தால் மரியாதையாக இருக்குமா? ஆகவே எல்லா வீடுகளும் கொடுக்கும். அம்மாவை அறியாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. அவளிடம் திட்டு வாங்காத வீடும் கிடையாது.

அதிகாலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து அப்பா சட்டையைக்கூட மாற்றவில்லை, வாசலில் மணி அடித்தது. எதிர்வீட்டு அக்கா ஒரு பெரிய டப்பாவில் கோழி பிரியாணி கொண்டுவந்தார். அடுத்தாற்போல் மிளகு போட்டு வறுத்த கோழி. அப்புறம் எண்ணெயில் பொரித்தது. கிறிஸ்மஸ் கொண்டாடாத மூன்றாவது வீட்டுக்காரர்கள்கூட, எங்களுக்காகவே ஒரு கோழி எடுத்துக் குழம்பு வைத்து அனுப்பினார்கள். மத்தியானம் ஏரலிலிருந்து சித்தி வந்தாள், அம்மாவின் தங்கை. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த தூக்குச் சட்டி நிறைய நாட்டுக்கோழிக் குழம்பு. கொடுத்துவிட்டு, அம்மாவின் படத்தைப் பார்த்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

இரண்டு பேர். இரண்டு வாய்க்கு மேல் இறங்காத அப்பா, அவரைப் பார்த்துப் பார்த்துப் பசி செத்துப்போன நான். குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் கோழி. மூடினால் கதவு மூடவில்லை.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்தில் பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஏதாவது போட்டுத்தான் கொடுப்போம். துக்க வீடு மட்டும் விதிவிலக்கு. துக்க வீட்டிலிருந்து பாத்திரம் கழுவி, வெறுமையாகத்தான் போக வேண்டும், அதுவும் சீக்கிரம். பாத்திரம் தங்கினால் துக்கம் தங்கும் என்பார்கள். பாத்திரம் காலியாக வேண்டுமென்றால் கோழி எங்காவது போக வேண்டும். குப்பையில் கொட்டினால் பாவம். கொட்டுவதை எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டால் அதைவிடப் பாவம். அவ்வளவும் எங்கள் அம்மாவுக்காக அழுதுகொண்டே சமைத்தது. அதை எந்தக் கையால் கொட்டுவது?

நாய்க்குக் கொடுத்தோம்.

கண்மூடித்தனமாகக் கொடுக்கவில்லை, மசாலா சேராதென்று தெரிந்த படித்த மனிதர்கள் நாங்கள். அப்பா ஒவ்வொரு துண்டாகப் பின்வாசல் குழாயில் பிடித்துக் கழுவினார். சிவப்பு எண்ணெய் துவைக்கிற கல் ஓரமாக ஓடியது. தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவுவார். பிறகு எலும்போடு போடுவார். நாய்க்கு எலும்பு கல்கண்டு அல்லவா? நான் அலுவலகம் போகுமுன் பிரியாணியிலிருந்து கறியைப் பொறுக்கி, நானும் கழுவி, பொரித்த கோழியின் தோலையெல்லாம் உரித்து, அதையும் சேர்த்து வைத்தேன். அப்பா வைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நான் வைக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. ஆளுக்கொரு வேளை என்று பாத்திரங்கள் மளமளவென்று காலியாயின. நாய் வாலாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சாப்பிட்டது. மரியாதை தெரிந்த நாய்.

பண்டிகை முடிந்து ஓரிரு நாளில், காலையில் அப்பாவின் குரல் கேட்டுப் பின்னால் ஓடினேன். நாய் துவைக்கிற கல்லுக்கடியில் கிடந்தது. முதுகை வில்லாக வளைத்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, மஞ்சளாக நுரை நுரையாகக் கக்கியது. கையை வைத்தால் முனகியது. அப்பா தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். அம்மா நாற்காலியில் சாய்ந்த அன்று நின்ற அதே நிற்பு.

“ஏட்டி, இதுவும் போயிருமா?” என்றார்.

எனக்கும் பயமாகிவிட்டது. நாய்க்காக மட்டும் இல்லை. இது போனால் அப்பாவும் பின்னாலேயே போய்விடுவார் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. “போகாது, தூக்குங்க” என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

ஆட்டோக்காரர் முதலில் தயங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டார். நாயை அம்மாவின் பழைய சேலையில் சுற்றி அப்பா மடியில் வைத்திருந்தார். பாலத்தைத் தாண்டும்போது ஆறு கரை தொட்டுக் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றைக் கண்டால் நாய் எப்போதும் தலையைத் தூக்கிப் பார்க்கும். அன்று தூக்கவில்லை.

கால்நடை மருத்துவர் சின்ன வயதுப் பெண். நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்திருந்தது. “என்ன சாப்பிட்டுச்சு?” என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்புறம் அவர் கொடுத்ததை அவரும், நான் கொடுத்ததை நானும் சொல்லச் சொல்லத்தான் அது எவ்வளவு தின்றிருக்கிறது என்று எங்களுக்கே தெரிந்தது.

“கழுவித்தான் குடுத்தேன்” என்றார் அப்பா, வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை மாதிரி.

“மேல இருக்கிற மசாலாவக் கழுவலாம் சார். உள்ள ஊறினத எப்படிக் கழுவுவீங்க?” என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார். “வெங்காயமும் பூண்டும் நமக்கு ஒண்ணும் செய்யாது, நாய்க்கு ரத்தத்தையே கெடுத்துரும். எண்ணெய், தோல், கொழுப்பு எல்லாம் குடலுக்கு ஆகாது. வெந்த எலும்பு அதவிட மோசம். ஊசி ஊசியா உடையும், எங்கயாவது குத்திரும்.”

படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்புச் சில்லு ஒன்றிரண்டு குடலில் தெரிந்தது, ஆனால் எங்கும் குத்தி நிற்கவில்லை. தானாக வெளியே போய்விடும் என்றார். குளுக்கோஸ் ஏறி முடியும்வரை அப்பா நாயின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டே நின்றார். உட்காரச் சொன்னபோது கேட்கவில்லை. அன்றும் மறுநாளும் போய் ஊசி போட்டு வந்தோம். வாந்தி நின்றது.

“இனிமே சாப்பிட ஆரம்பிச்சிட்டா பயமில்ல” என்றார் மருத்துவர். “தோல், எலும்பு, கொழுப்பு இல்லாத கோழிக்கறி. உப்பு, மசாலா எதுவும் போடாம வெறும் தண்ணியில வேகவச்சு, பிச்சு, குழைஞ்ச சோத்தோட கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. நாளைக்கும் சாப்பிடலன்னா தூக்கிட்டு வந்துருங்க, வேற பாக்கணும்.”

இரண்டாம் நாள் மாலை வரும் வழியில் கறிக்கடை சாத்தியிருந்தது. வெறும் சோற்றைக் குழைய வடித்து வைத்துப் பார்த்தேன். நாய் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டது. அப்பாவின் தட்டு படியில் மூடியபடியே இருந்தது. “நீங்களாவது சாப்பிடுங்கப்பா” என்றேன். “அது சாப்பிடட்டும்” என்றார்.

அப்போதுதான் சித்தி தூக்குச் சட்டியைப் பற்றிக் கேட்கப் போன் பண்ணினாள். நான் விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் அலறல்.

“கோழி எலும்பயா குடுத்திய? ஏ பாவி, உங்கம்மா இருந்தா உங்க ரெண்டு பேரையும் வெளிய தள்ளிக் கதவடச்சிருப்பா!”

“என்ன சித்தி? அம்மாவும் எலும்புதானே போடுவா.”

“யாரு, எங்கக்காவா? போட மாட்டா. உனக்குத் தெரியாது. நாங்க சின்னப் பிள்ளையா இருக்கையில ஏரல்ல ஒரு நாய் வளத்தோம். ராத்திரியெல்லாம் அவ கட்டிலுக்குக் கீழதான் கெடக்கும். ஒரு கிறிஸ்மஸுக்கு எல்லாரும் தின்ன எலும்ப அவதான் பாசமா அள்ளிக் கொண்டு போட்டா. குடல்ல குத்திட்டுது. துடிச்சுத்தான் செத்துது. அதுல இருந்து நாயே வேண்டாம்னுட்டா. உங்கப்பா நாயத் தூக்கிட்டு வந்த அன்னிக்கு எனக்குப் போன் பண்ணி என்ன அழுக அழுதா தெரியுமா? ‘இன்னொன்னு சாகுதத என்னால பாக்க முடியாதுளா’ன்னு.”

அம்மா அழுதாள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. எனக்கு ஏரல் பஸ் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. “வாராவாரம் எலும்பக் கொண்டு போவா சித்தி, நான் கண்ணால பாத்திருக்கேன்” என்று வாதாடினேன்.

“கொண்டு போனதப் பாத்தியா, போட்டதப் பாத்தியா?” என்று கேட்டுவிட்டுச் சித்தி போனை வைத்துவிட்டாள்.

காலையில் முதல் வேலையாகக் கோழிக்கடைக்குப் போனேன். அம்மா போன பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. கடை அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

“என்னம்மா, எம்புட்டு நாளாச்சு! அம்மா இல்லாம கடையே வெறிச்சுன்னு கெடக்கு. யாருமே ஏச மாட்டேங்காவ.”

“தோல், எலும்பு ஒண்ணும் இல்லாம கொஞ்சம் கறி வேணும் அண்ணாச்சி. கொழுப்பும் இருக்கக் கூடாது” என்றேன்.

“அம்மாவுக்குப் போடுத மாதிரிதான?” என்று அவர் நெஞ்சுக்கறியைக் கையில் எடுத்துவிட்டார்.

“அம்மாவுக்கா?”

“ஆமா. அவாளுக்குத்தான் வயிறு ஆகாதுல்லா? குழம்புக்கு ஒரு பை, பத்தியத்துக்குச் சின்னதா ஒரு பை. வாராவாரம் சனிக்கிழமை சாயங்காலம் அதான கணக்கு. கொழுப்பு லேசா ஒட்டியிருந்தாலும் திருப்பி என் மூஞ்சிலயே எறிஞ்சிருவாவ. ‘வெறும் தண்ணில அவிச்சுத் திங்கேன் அண்ணாச்சி, ஒழுங்காப் போடும்’பாவ. பாவம், நல்ல நாள்லகூட வாய்க்கு ருசியா ஒரு துண்டு திங்க முடியலயேன்னு நான் வீட்டுலகூடச் சொல்லுவேன்.”

எங்கள் அம்மாவுக்கு வயிற்றில் ஒரு கோளாறும் கிடையாது. தயிர்ச்சோற்றுக்குப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்கிறவள். கோழிக் குழம்பில் காரம் ஊறிய கழுத்துத் துண்டை யாருக்கும் கொடுக்காமல் தனக்கென்று ஒதுக்கி வைக்கிறவள். அவிச்ச கறியை அவள் தின்று நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் அவிச்ச கறியைத் தின்னக் கூடியது ஒன்றே ஒன்றுதான், அது துவைக்கிற கல்லுக்கடியில் கிடந்தது.

சின்னப் பையோடு வீட்டுக்கு நடந்தேன். நடக்க நடக்க ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. திங்கட்கிழமை காலைகளில் குப்பை வண்டி வந்தால் அம்மா வாசலுக்குத் தானே போவாள், நூல் போட்டு இறுக்கிக் கட்டிய பேப்பர் பொட்டலம் ஒன்றைக் கொடுப்பாள். “அங்கன தெருநாய் எடுக்காத எடமாப் பாத்துப் போடு” என்று வண்டிக்காரரை விரட்டுவாள். குப்பைக்கு என்ன இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நான் கேலி செய்திருக்கிறேன். அது எங்கள் தட்டு எலும்பு. அடுக்களையில் அடி கருத்த சின்ன அலுமினியச் சட்டி ஒன்று இருந்தது, மூடி கொஞ்சம் நெளிந்தது. யாரும் தொடக் கூடாது. வெந்நீர்ச் சட்டி என்பாள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எழுந்திருக்குமுன் அது கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். ஞாயிறு தவறாமல் யாருக்கு வெந்நீர் என்று நான் கேட்டதில்லை.

நாய்க்குத் தனி உலை இல்லை என்று சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லை மாற்றுவது அம்மாவின் ஜாதகத்திலேயே கிடையாது. அதனால் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, எங்களுக்குத் தெரியாமல் உலையை வைத்துவிட்டாள். அதுவும் அத்தனை வருஷம். எனக்குச் சிரிப்பு வந்தது. நடுத்தெருவில் கண்ணில் நீரும் வந்தது. எதிரே வந்த யாரோ என்னம்மா என்று கேட்டார்கள். தூசி என்றேன்.

அந்தச் சட்டியை எடுத்தேன். கறியை வெறும் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தேன். அப்பா அடுக்களை வாசலில் வந்து நின்றார். சித்தி சொன்னதையும் கடை அண்ணாச்சி சொன்னதையும் நான் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னேன். தண்ணீர் கொதித்ததும் நெளிந்த மூடி சட்டியின்மேல் தடதடவென்று ஆடத் தொடங்கியது.

பின்னால் நகம் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். நாய் எழுந்து வந்திருந்தது. கால்கள் நடுங்கின. அடுக்களைக்குள் வர அதற்கு அனுமதி இல்லை. படிக்கு வெளியே, கதவோரத்தில் ஓர் இடத்தில் உட்கார்ந்து, அந்தச் சட்டியையே பார்த்தது. அது உட்கார்ந்த இடத்தில் சிமெண்டு வழவழவென்று தேய்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

கறியை எடுத்து ஆறவைத்து, நாராகப் பிய்த்து, சோற்றோடு பிசைந்தேன். அப்பா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ஏ மூதி, இந்தா” என்றேன்.

சாப்பிட்டது. பைய, நிறுத்தி நிறுத்தி, ஆனால் சாப்பிட்டது.

அப்பா படியில் உட்கார்ந்து அது தட்டை நக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாத்தியாட்டி” என்றார். “கல்யாணமாகி இத்தன வருஷத்துல எனக்கு ஒருநாளாவது கறியப் பிச்சு வச்சிருப்பாளா? எலும்பு தொண்டையில மாட்டுச்சுன்னாகூட, ‘பாத்துத் திங்கத் தெரியாதா’ன்னுதான் ஏசுவா. நாய்க்குப் பிச்சு வச்சிருக்கா பாரு.”

சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. ஆடி மாதத்திலிருந்து அவருக்குள் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் அந்தப் படியில் வந்தது. சத்தமாக, வெட்கமில்லாமல் அழுதார். நாய் தட்டை விட்டுவிட்டு வந்து அவர் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு அவர் கேட்டார்:

“அந்தச் சட்டியில இன்னும் இருக்கா?”

“உப்புகூட இல்லப்பா.”

“பரவாயில்ல, கொஞ்சம் போடு.”

போட்டேன். உப்பில்லாத சோற்றையும் உப்பில்லாத கறியையும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

துக்க வருஷம் முடிந்து, போன கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம் கட்டினோம். முதல்நாள் கோழி வாங்கப் போனேன். வெங்காயத்தில் படும் முன்பே எடுத்துவைக்க வேண்டிய பங்கு எது என்று எனக்கு இப்போது தெரியும். கடையில் நல்ல கூட்டம், எதிர்வீட்டு அக்காவும் நின்றிருந்தார். எங்கள் வீட்டில் நாய்க்கென்று தனி உலை கிடையாது என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம்.

“குழம்புக்கு ஒரு பை அண்ணாச்சி. அப்புறம் தோல், எலும்பு இல்லாமச் சின்னதா ஒரு பை.”

அண்ணாச்சி கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“உங்களுக்கும் அம்மா மாதிரி வயிறு ஆகாமப் போயிட்டாம்மா?”

“ஆமா அண்ணாச்சி” என்றேன். “கொழுப்பு ஒட்டாமப் பாத்துப் போடும்.”